கறுப்புப் பெட்டிக்குப் பின்னால்

அத்தியாயம் – 6

“முதலாளி அனுப்பின ஆளுங்கதானே? அப்ப செருப்பைக் கழட்ட வேண்டாம். வந்த வேகத்துல திரும்பணுமில்ல?”

கதவைப் பாதி திறந்து, மீதிப் பாதியைத் தோளால் அடைத்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். வலது கையின் மூன்று விரல்களில் நகக்கண் வரைக்கும் மை. கழுவிக் கழுவி அலுத்துப்போய், கழுவுவதையே விட்டுவிட்ட மை. அச்சகத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் மைக்காரம்மா.

“நல்லதாப் போச்சு அண்ணி,” என்றான் தகரம், பக்கத்தில் நின்ற ஊசியிடம். “என் செருப்பு வாரு அறுந்து குண்டூசி குத்தி வெச்சிருக்கேன். கழட்டினா மறுபடி மாட்ட கால் மணி நேரம் ஆகும்.”

ஊசி சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் சிரிப்பதில்லை. இருபத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் துப்பறிய வந்தவள். ஒரு ஆள் பொய் சொல்லும்போது குரல் எந்த இடத்தில் வழுக்கும் என்பதை அவளுக்கு முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, காது போதும். கேட்கிற கேள்வி நறுக்கென்று தைக்கும், அதனால் ஊசி. அவள் புருஷனின் தம்பி, வாய் மூடாத ஜென்மம். காலி டப்பா உருண்டால் எழும் சத்தம்தான் அவன் பேச்சு, அதனால் தகரம்.

விவகாரம் இதுதான். ‘செம்பு நரி’ என்று ஜப்பானிலிருந்து ஒரு கார்ட்டூன் தொடர் வந்து, நான்கு வருஷமாக ஞாயிறுதோறும் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. செம்புத் தகட்டால் ஆன ஒரு நரி, அதைச் செய்த பட்டறைக்காரப் பெண், இரண்டு பேரும் ஊர் ஊராக அலைகிற கதை. அதையே காமிக்ஸாக வரைந்தவள் மைக்காரம்மா. மாதம் ஒரு புத்தகம். கடைசிப் பகுதி வருகிற ஞாயிறு டி.வி.யில் வர வேண்டும், கடைசிப் புத்தகம் மறுநாள் கடைக்கு வர வேண்டும். ஆனால் போன வெள்ளிக்கிழமையே பஸ் நிலையக் கடைகளில் கடைசிக் கதை கிளிப் மாட்டித் தொங்கியது. கள்ளப் புத்தகம். தாள் மட்டம், அச்சகத்தின் பெயர் இல்லை. ஆனால் கதை முழுசு, முடிவு வரைக்கும்.

டி.வி.யிலேயே வராத முடிவு எப்படி வெளியே போனது? வரைவதற்காக அந்தப் பகுதியின் வீடியோ காசெட்டை முன்கூட்டியே வாங்கியவள் ஒருத்திதானே என்று பதிப்பாளர் கைகாட்டினார். அவளுடைய மேசை இழுப்பறையை உடைத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். நேற்று ஊசியைக் கூப்பிட்டு அமர்த்தினார். “எப்படி நடந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. யாருன்னு தேட வேண்டாம், அது தெரியும்.”

அந்தக் கடைசி வாக்கியம் நேற்றிலிருந்து ஊசியின் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

“எனக்கு யாருன்னுதான் தெரியணும்,” என்றாள் அவள் இப்போது. “எப்படிங்கறது அப்புறம். உள்ள வரலாமா?”

“எதுக்கு? பீரோவைத் திறந்து காட்டட்டுமா? தலையணையைக் கிழிச்சுக் காட்டட்டுமா?”

“தலையணை வேணாம்மா,” என்றான் தகரம். “பஞ்சு பறந்தா எனக்குத் தும்மல் நிக்காது.”

மைக்காரம்மா அவனை முறைத்தாள். முறைத்தபடியே தோளை எடுத்தாள். கதவு முழுதாகத் திறந்தது.

நீளமான ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, பின்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சரித்த மேசை. டம்ளரில் பேனா முள்கள். சுவரில் ஒரு படம் கிடையாது. நாலு வருஷம் வரைந்ததில் ஒரு துண்டுத் தாளைக்கூட அவளுக்கென்று எடுத்துப் போகப் பதிப்பாளர் விட்டதில்லை என்பது பிறகு தெரிந்தது.

“அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு,” என்றாள். “ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா போலீஸ் கிடையாதாம். போடலைன்னா இன்னிக்கே ஸ்டேஷனாம். நான் எதை ஒத்துக்கறது? நான் வரைஞ்சதை நானே திருடிட்டேன்னா? அதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் எவன் எனக்கு ஒரு கோடு போட வேலை குடுப்பான்? இந்தக் கையை வெட்டி அவர் மேசையில வெச்சிட்டு வர்றதும் அதுவும் ஒண்ணுதான்.”

“கள்ளப் புத்தகத்தைப் பாத்தீங்களா?”

“தொட மாட்டேன்.”

“நாலு நாளாப் பழி உங்க தலையில. பழிக்குக் காரணமான புத்தகத்தை நீங்க பாக்கவே இல்லையா?”

“பாத்தா கிழிச்சிடுவேன்!”

“தாராளமாக் கிழிங்க,” என்று பையிலிருந்து எடுத்து நீட்டினான் தகரம். “மூணு வாங்கி வெச்சிருக்கேன். அண்ணி கோபத்துல ஒண்ணைக் கிழிப்பாங்க, நீங்க ஒண்ணு. மூணாவது நான் படிக்க.”

மைக்காரம்மா பிடுங்கினாள். அட்டையைப் புரட்டியதும் ஆரம்பித்துவிட்டது.

“கண்றாவி! இது பாலமா, ஏணியா? இந்தப் பொண்ணு மூக்கைப் பாருங்க, பல்லு வலிக்குதாமா இவளுக்கு? ஐயோ, என் நரி! பின்னங்கால் முன்பக்கமா மடியுதுங்க! இது நரியா, மடக்கு நாற்காலியா?”

பக்கங்கள் அடி வாங்குவதுபோல் படபடவென்று திரும்பின. திட்டும் கூடவே ஓடியது. கடைசிப் பக்கத்தில் திட்டு நின்றது.

ஊசி காதைத் தீட்டிக்கொண்டாள். பேச்சு நடுவில் அறுபடும் இடம்தான் எப்போதுமே அவளுக்கு முக்கியம்.

“இது என்ன?” என்றாள் மைக்காரம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எது?”

“இந்தக் குட்டி.”

கடைசிப் படத்தில் பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. நரி இல்லை. மழை. இடப்பக்கக் கீழ் மூலையில், படிக்கட்டுக்கு அடியிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு செம்புத் தலை எட்டிப் பார்த்தது. குட்டி நரி.

“ஏன், கதையில குட்டி கிடையாதா?”

“எனக்குத் தெரியாது.”

“நீங்கதானேம்மா வரைஞ்சீங்க!” என்றான் தகரம்.

“எனக்குத் தெரியாதுங்கறேன்ல!” மேசையில் ஓங்கி ஒரு அடி. டம்ளர் குதித்தது. “எனக்குக் குடுக்கற காசெட்டுல இந்த மூலையில ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். உள்ள நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும். எவனும் களவா எடுத்துப் போடக் கூடாதுன்னு அங்கேருந்தே அப்படிப் போட்டு அனுப்பறாங்க. முதல் பகுதியிலேருந்து கடைசி வரைக்கும், இடப்பக்க மூலையில என்ன இருக்குன்னு நான் பாத்ததே இல்லை. வீட்டுல டி.வி. கிடையாது, அச்சான புத்தகத்தையும் எனக்குக் குடுக்க மாட்டாங்க.”

“பாக்காததை எப்படி வரைஞ்சீங்க?”

“வெறுமனே விட முடியுமா? கட்டத்துல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அதனால கையில வந்ததை வரைவேன். எண்ணெய்க் குப்பி, கவுத்துப் போட்ட வாளி, பிஞ்ச பூட்ஸு. படிக்கிற பிள்ளைங்க அதெல்லாம் கதையிலயே இருக்குன்னு நினைச்சு, இந்த மாசம் குப்பியைக் காணோமேன்னு கடிதாசு போடுவாங்க.”

“கடைசிப் பக்கத்துல என்ன போட்டீங்க?”

“எண்ணெய்க் குப்பிதான். சாஞ்சு கெடக்கற மாதிரி. நரி போயிடுச்சு, இனிமே எண்ணெய் யாருக்குன்னு…” அந்த மூலையை விரலால் தொட்டாள். “அதை வரைஞ்சிட்டு ரெண்டு நாள் பல்லுல பச்சத் தண்ணி படலை எனக்கு.”

தகரம் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்: “கள்ளப் புத்தகம் போட்டவன் சும்மா அழகுக்குக் குட்டியைச் சேத்திருக்கலாமே?”

“யாரு, நரிக்குக் கால் எந்தப் பக்கம் மடியும்னு தெரியாதவனா? காதைப் பாருங்க. ஏழு ஆணி. கதையில வர்ற பட்டறைப் பொண்ணு எந்தச் செம்பு உருப்படி செஞ்சாலும் காதுக்கு ஏழு ஆணிதான் அடிப்பா. இவன் பெரிய நரிக்கே சில பக்கத்துல அஞ்சு, சில பக்கத்துல எட்டுன்னு கிறுக்கி வெச்சிருக்கான். குட்டிக்கு மட்டும் எப்படி ஏழு வந்துச்சு? குட்டி திரையில கிட்டத்துல, தெளிவாத் தெரிஞ்சிருக்கு. பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கான்.” புத்தகத்தை மார்போடு அறைந்துகொண்டாள். “நான் நரியைப் பொதைச்சிட்டு உக்காந்திருக்கேன். இங்க குட்டி உயிரோட இருந்திருக்கு! எவனோ பாத்திருக்கான். எனக்குக் காட்டலை!”

ஊசி எழுந்தாள். “அப்ப வரைஞ்சவன் முன்னால பெட்டி இல்லாத காசெட் ஓடியிருக்கு.”

“அப்படி ஒண்ணு கிடையாது. மாசா மாசம் நான் கேக்காத கேள்வியா? எல்லாருக்கும் பெட்டியோடதான் வரும், பேசாம வரைன்னு முதலாளி சொல்லியிருக்காரு.”

அவள் குரல் எங்கேயும் வழுக்கவில்லை. அவள் நம்பித்தான் சொன்னாள்.

“அஞ்சு மணிக்குள்ள நான் அங்க வந்துடுவேன்,” என்றாள் ஊசி. “நான் வராம பேனாவைத் தொடாதீங்க.”

ஸ்கூட்டர் கடைத்தெருவைத் தாண்டியிருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்த ஊசி கொழுந்தன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

“நிறுத்து!”

“அண்ணி, முதுகெலும்பு அண்ணனுக்குத்தான் எக்ஸ்ட்ரா குடுத்தாங்க. எனக்கு ஒண்ணுதான்.”

அவள் பைக்குள்ளிருந்து போன மாதத்துப் புத்தகத்தை, கள்ளப் புத்தகமல்ல, நிஜப் புத்தகத்தை எடுத்திருந்தாள். “அட்டையைப் பாரு.”

“நரி. பாலம். கீழ ஆறு.”

“வரைஞ்சதா?”

“இல்லையே. டி.வி.யில வர்ற மாதிரியே இருக்கு. படத்துலேருந்து எடுத்த போட்டோ.”

“இடப்பக்கக் கீழ் மூலையில என்ன இருக்கு?”

“கூழாங்கல்லு. அதுமேல ஒரு தவளை. அழகா…” தகரத்தின் வாய் திறந்தபடி நின்றது. “அண்ணி! பெட்டி எங்க?”

“நேத்திலேருந்து இது என் பையிலதான் கெடக்கு. என் கண்ணுல கொள்ளிக்கட்டையை வைக்க!” தன்மேல் வந்த கோபத்தில் புத்தகத்தைச் சுருட்டி அவன் முதுகிலேயே இன்னொரு போடு போட்டாள். “விடு வண்டியை, டப்பிங் கொட்டகைக்கு. காசெட் எல்லாம் அங்கதான் முதல்ல வந்து இறங்குது.”

“கோபம் உங்க மேல. அடி என் மேல. நல்ல நியாயம்.”

டப்பிங் கொட்டகை ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம். சுவர் முழுக்கச் சாக்குத் துணி, கதவுக்கு மெத்தை. உள்ளே கழுத்தில் ஹெட்போன் மாலை போட்டுக்கொண்டு ஒருவர் மைக்குக்கு முன்னால் வேறேதோ படத்துக்காக உறுமிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவு பார்ப்பவரும் அவர்தான், நரிக்குக் குரல் கொடுப்பவரும் அவர்தான்.

“ஒரு நிமிஷம்,” என்று கை காட்டிவிட்டு, நீளமாக ஒரு ஊளையிட்டார். முடித்துவிட்டு வாயைத் துடைத்தார். “சொல்லுங்க.”

“நடிப்பு பிரமாதம்,” என்றான் தகரம். “எங்க வீட்டுல சாயங்காலம் நான் லேட்டாப் போனா இதே சத்தம்தான் கேக்கும்.”

“கடைசிப் பகுதி பாத்தீங்களா?” என்றாள் ஊசி.

“பாத்தேன். குரலும் குடுத்தாச்சே.”

“கடைசிக் காட்சியில மூலையில என்ன இருக்கு?”

“நம்பர் ஓடும்.”

“நம்பருக்குப் பின்னால?”

“அது யாருக்கும்மா தெரியும்? எங்களுக்கும் பெட்டியோடதான் வரும். பெட்டி இல்லாதது டி.வி. நிலையத்துக்கு மட்டும், ஒளிபரப்பு அன்னிக்குக் காலையில சீல் வெச்சு வரும். இந்த ஞாயித்துக்கானது இன்னும் நாட்டுக்குள்ளயே வரலை.”

“வேற யாருக்கும் கிடையாதா?”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். “அட்டைக்கு ஒண்ணு உண்டே.”

“எந்த அட்டைக்கு?”

“காமிக்ஸ் அட்டைக்குதான். அட்டையில நம்பர் ஓடினா நல்லாவா இருக்கும்? அதனால பதிப்பாளருக்குன்னு ஒரு சுத்தப் பிரதி. முதல் பகுதியிலேருந்தே வருது. வேற ஆள் கையில குடுக்கக் கூடாதுன்னு நிபந்தனை. அவரே வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயி, தன் அறை அலமாரியில பூட்டி வெப்பாரு.” மேசைக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டிக் காட்டினார். கடைசிப் பகுதிக்கு நேரே, ஒரு மாதத்துக்கு முந்தைய தேதியில், வால் நீண்ட ஒரு கையெழுத்து. “ஏன், வரையற அந்தம்மாவுக்குக் காட்ட மாட்டாரா? அவங்களுக்குத்தானே உபயோகம்?”

ஊசி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக் கையெழுத்தை மறுபடி பார்த்தாள். பூட்டிய அலமாரிக்குள் அத்தனையும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் இல்லை என்ற பதில் வந்திருக்கிறது.

“அண்ணி,” என்றான் தகரம், படி இறங்கும்போது. “நம்மளை வேலைக்கு வெச்சதே அந்த ஆளுதானே?”

“ஆமா.”

“திருடனே போலீஸுக்குப் போன் பண்ணி, வரும்போது கயிறு கொண்டு வாங்கன்னு சொன்ன மாதிரி இருக்கே.”

“கயிறு அந்தம்மாவுக்குன்னு சொல்லி வாங்கினான். என் பேரைப் போட்டு ஒரு அறிக்கை இருந்தா, நாளைக்கு எவனும் கேள்வி கேக்க மாட்டான். நான் அவனுக்கு ரப்பர் ஸ்டாம்பு.” அவள் பல்லைக் கடித்தாள். “ஆனா அலமாரியிலேருந்து வேற யாரோ எடுத்துட்டாங்கன்னு நாளைக்குக் கையை விரிப்பான். அந்த வழியை முதல்ல அடைக்கணும். அவனை வெச்சே அடைக்கணும்.”

அச்சகத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். பதிப்பாளர் அறையின் கதவு திறந்தே இருந்தது. மேசைக்கு எதிரே மைக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா.

“வாங்க, வாங்க!” என்றார் பதிப்பாளர். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, இடுப்பில் சாவிக்கொத்து. “உங்களுக்கு வேலையே இல்லாம போயிடுச்சு. எல்லாம் முடிஞ்சது.”

“என்ன முடிஞ்சது?”

மைக்காரம்மா திரும்பினாள்.

“நல்லா இருக்கும்மா உங்க நியாயம்,” என்றாள். “என் வீட்டுல உக்காந்து உருகிட்டு, நேரா இவருக்குப் போன் பண்ணி, திருடினது நான்தான்னு நிரூபிச்சாச்சுன்னு சொல்லிட்டீங்களாமே. அறிக்கையும் ரெடியாமே. இனி எதுக்கு அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கணும்? நாலு மணிக்கே கூப்பிட்டாரு. வந்தேன். போட்டுட்டேன்.”

மேசைமேல் டைப் அடித்த ஒரு தாள், அதில் கையெழுத்து. பக்கத்தில் அவளுடைய முப்பத்திரண்டு ஓவியப் பக்கங்கள்.

தகரம் ஒரு அடி முன்னால் வைத்தான். இந்தத் தடவை அவனிடம் ஜோக் இல்லை. ஊசி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குள் கொதித்த கொதிப்பில் பதிப்பாளரின் வாரிய தலையைக் கலைத்துவிட்டிருக்க முடியும். ஆனால் எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ பேர் திட்டத் திட்ட, ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொன்ன அதே குரலில் பேசினாள்.

“நல்லதுங்க. எனக்கும் வேலை மிச்சம். ஒரே ஒரு சின்ன சந்தேகம், நாளைக்கு வக்கீல் யாராவது கேட்டா என்ன சொல்றது? உங்க அலமாரியிலேருந்து யாராவது எதையாவது எடுத்திருக்கலாமேன்னு கேப்பாங்க.”

“என் அலமாரியிலேருந்தா!” பதிப்பாளர் சாவிக்கொத்தைத் தட்டினார், அது கலகலத்தது. “இந்தச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்லை. குளிக்கும்போதுகூட இதோடதான். என் சம்சாரம் தொட்டாலே கத்துவேன். உள்ள இருக்கறதை என்னைத் தவிர ஒரு ஈ பாத்திருக்காது.”

“அப்படியே ஒரு வரி எழுதிக் குடுத்திட்டீங்கன்னா அறிக்கையோட சேத்துடுவேன்.”

“தாராளமா!” எழுதினார். வால் நீண்ட கையெழுத்தைப் போட்டார். ஊசி அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இந்தப் பக்கத்துலல்லாம்கூட அவங்க கையெழுத்து இருக்கே?”

“ஒவ்வொண்ணுலயும் வாங்கிட்டேன். வெளிய போன பக்கம் இதுதான்னு அவளே ஒத்துக்கிட்டதுக்கு அத்தாட்சி. ஓரத்துல போட்டா வெட்டிட்டாங்கன்னு பேச்சு வரும். அதனால படத்துக்குள்ளயே, அவ மையாலேயே போட வெச்சேன்.”

“கெட்டிக்காரர்தான்.” ஊசி முப்பத்திரண்டாம் பக்கத்தை உருவினாள். தகரத்தின் பையிலிருந்து கள்ளப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, பக்கத்தில் வைத்தாள். “இதுலேருந்துதானே அது வந்துச்சு?”

“ஆமா.”

“இதுல எண்ணெய்க் குப்பி. அதுல குட்டி நரி. குப்பி எப்போங்க குட்டி போட்டுச்சு?”

பதிப்பாளர் குனிந்து பார்த்தார். நாலு வருஷமாக அவர் பக்கங்களை எண்ணி வாங்கினாரே தவிர, ஒன்றையாவது நின்று பார்த்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

“அவளே மாத்தி வரைஞ்சு குடுத்திருப்பா,” என்றார். குரல் வழுக்கியது.

“பாக்காத குட்டியையா? அவங்க காசெட்டுல அந்த மூலையில பெட்டி. டப்பிங் காசெட்டுலயும் பெட்டி. டி.வி. நிலையத்துக்கு இன்னும் வரவே இல்லை. பெட்டி இல்லாத பிரதி இந்த நாட்டுலயே ஒண்ணுதான். அதை வாங்கிட்டுப் போனவர் நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்காரு. சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கினதே இல்லை, உள்ள இருக்கறதை ஒரு ஈகூடப் பாத்ததில்லை. அதையும் எழுதிக் குடுத்திருக்காரு.” கைப்பையைத் தட்டினாள். “இப்பதான். என்கிட்ட.”

மைக்காரம்மா மெதுவாக எழுந்தாள். “பெட்டி இல்லாத பிரதியா? இங்கயா?”

“நாலு வருஷமா,” என்றாள் ஊசி. “அந்த அலமாரியில.”

“இவங்க பக்கத்தையே காப்பி அடிச்சிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்குமே அண்ணி? எதுக்கு நாற்காலி நரியெல்லாம்?” என்று கேட்டான் தகரம்.

“பக்கம் இவர் கைக்கு வந்துட்டா, சந்தேகம் இவர் மேலயும் விழுமே. அதனால அவங்க இழுப்பறையில பக்கம் இருக்கும்போதே கள்ளப் புத்தகம் வந்தாகணும். எங்கேயோ ஒரு போர்டு எழுதற ஆளைப் பிடிச்சு, காசெட்டைப் போட்டுக் காட்டி வரைய வெச்சிருக்காரு. அவன் உள்ளதை உள்ளபடி வரைஞ்சிட்டான், பாவம்.”

பதிப்பாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “நானே என் புத்தகத்தைக் கெடுத்துக்குவேனா? எனக்கென்ன பைத்தியமா?”

“அதுதான் எனக்கும் புரியலை,” என்ற ஊசி, டைப் அடித்த தாளை எடுத்துத் தகரத்திடம் கொடுத்தாள். “படி.”

தகரம் தொண்டையைக் கனைத்தான். “‘பக்கங்களை வெளியாருக்குக் கொடுத்தது நானே.’ சரி. ‘இனி இந்த நிறுவனத்தை விட்டு எங்கும் செல்லாமல், சொல்லும் வேலையைப் பெயரின்றிச் செய்வேன்.’ என்னங்க இது? திருடியை யாராவது போகாதேன்னு கட்டிப் போடுவாங்களா? ‘வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து எந்த அழைப்பு வந்தாலும் ஏற்கமாட்டேன்.’” தாளிலிருந்து தலையைத் தூக்கினான். “திருடிக்கு எவன் சார் அழைப்பு அனுப்பப் போறான்?”

“என்ன அழைப்பு?” என்றாள் மைக்காரம்மா.

கீழே அச்சு இயந்திரம் ஓடும் அதிர்வு மேசையில் தெரிந்தது.

“என்ன அழைப்புன்னு கேக்கறேன்ல!”

“என்ன அழைப்பா?” பதிப்பாளர் கத்தினார். சாமர்த்தியமெல்லாம் உதிர்ந்துபோய் வெறும் ஆத்திரம் வெளியே வந்தது. “உன்னை ஜப்பானுக்கே வரச் சொல்லி எழுதியிருக்காங்க! அடுத்த தொடரை அவங்களோட உக்காந்து வரையணுமாம்! இத்தனை வருஷம் பாடுபட்டவன் நான். புத்தகத்துல என் பேருதான் இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை! ‘எங்க படத்துலயே இல்லாத எண்ணெய்க் குப்பியை மாசா மாசம் மூலையில வரைஞ்சது யாரு, அவங்க பேரு என்ன’ன்னு கேட்டு மூணு கடிதாசு! மூணு! நீ போயிட்டா நான் எதை வெச்சுப் புத்தகம் போடறது? ரோட்டுல போறவளைக் கூட்டி வந்து மேசை குடுத்தது நானு!”

“எனக்குன்னு வந்த கடிதாசை என்கிட்டக் காட்டாம வெச்சிருக்கீங்க.”

“என் விலாசத்துக்கு வந்துச்சு!”

மைக்காரம்மா அழுவாள் என்று தகரம் நினைத்தான் போலிருக்கிறது, அவசரமாகத் தன் கைக்குட்டையைத் தேடினான். அவள் அழவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு பதிப்பாளர் முன்னால் போய் நின்றாள். மைக்கறை விரல்கள் விரிந்து மூடின.

“அம்மா,” என்றாள் ஊசி, அமைதியாக. “டைப் அடிச்ச தாளும் இவர் எழுதினதும் என்கிட்ட இருக்கு. டப்பிங் கொட்டகையில நோட்டு இருக்கு. இப்பவே ஸ்டேஷனுக்குப் போகலாம். நீங்க சொல்றதுதான்.”

“போகலாம். இவர் எங்க ஓடிடப் போறாரு?” அவள் கண்ணைப் பதிப்பாளர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. “அதுக்கு முன்னால எனக்கு ஒரு வேலை இருக்கு. திங்கட்கிழமை பிள்ளைங்க கடை வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்களுக்கு நான் தப்பான முடிவு வரைஞ்சு வெச்சிருக்கேன்.”

பதிப்பாளர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். “வரைஞ்சு குடுத்துடறியாம்மா? நீ நல்லவன்னு எனக்குத் தெரியும். கையெழுத்தை மட்டும் வெள்ளை மை வெச்சு…”

“எதை வெச்சு?”

அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

“முப்பத்தொரு பக்கத்துலயும் என் பேரு படத்துக்கு நடுவுல இருக்கு. நீங்கதானே போடச் சொன்னீங்க? அப்படியே அச்சுக்குப் போகும். ஒரு பக்கத்துல ஒரு எழுத்து மங்கிச்சுன்னாலும் இந்தம்மா பையிலேருந்து காகிதம் எந்த நாட்டுக்குப் போகணுமோ அந்த நாட்டுக்குப் போகும். அந்த மூணு கடிதாசையும் எடுங்க. அலமாரியைத் திறங்க.”

சாவி இடுப்பை விட்டு இறங்கியது. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை பூட்டுக்குள் போனது. உள்ளே அடுக்கடுக்காகக் காசெட்டுகள், மாதவாரியாகச் சீட்டு ஒட்டி. அவள் அந்த அடுக்கை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். ஊசி அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறையின் மூலையிலிருந்த டி.வி.யில் கடைசிக் காசெட் ஓடியது. மைக்காரம்மா பதிப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மேசையிலிருந்த பேனாத் தாங்கி, காலண்டர், கண்ணாடிக் குண்டு எல்லாவற்றையும் முழங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள்.

“ஓட்டுங்க. இன்னும். நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால.”

பதிப்பாளர் டி.வி.க்குப் பக்கத்தில் குனிந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். வாரிய தலை கலைந்து நெற்றியில் விழுந்தது. மழையும் சாத்திய கதவும் திரையில் அசையாமல் நின்றன.

“தாயே,” என்றார் மெல்ல, நிமிர்ந்து திரும்பி. “ஏதோ புத்தி கெட்டுப் போச்சு. நீ மனசு வெச்சா இதை இந்த அறையோட விட்டுடலாம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா.”

அவள் பேனாவை மையில் தோய்த்தாள். தலையைச் சாய்த்து அவரைத் தாண்டிப் பார்க்க முயன்றாள்.

“குட்டியை மறைக்கிறீங்க,” என்றாள். “தள்ளி நில்லுங்க.”